பறையுங்க அக்கா

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவளைத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் பத்துப் பேராவது இருப்பார்கள். பிறகு என்னையும் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரர் அவளைக் கடைசிவரை ‘அந்தப் பிள்ளை’ என்றுதான் சொன்னார். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை வாயைத் திறக்கமாட்டாள். அவளிடம் இருந்த விசேஷம் அவ்வளவுதான். அவள்மேல் எனக்கு வந்த பொறாமைக்கும் அதுதான் காரணம்.

என் வீட்டுக்காரர் அரசு ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். சுசீந்திரம் தாண்டி வயலோரத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் முற்றத்தில்தான் வண்டி நிற்கும். காலையில் எட்டு மணிக்குப் போனால் இருட்டியபிறகுதான் வருவார். பின்னால் நோயாளியோடு இருப்பவர் டெக்னீஷியன். கடற்கரைப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது, நிறையப் பேசுவார். பல வருடங்களாக அந்த வண்டியில் இவர்கள் இரண்டு பேர்தான். அந்த வருடம் ஆனிச் சாரல் தொடங்கிய சமயத்தில், அவசர சிகிச்சை டிப்ளமோ படிக்கிற மாணவி ஒருத்தியை ஆறு மாதப் பயிற்சிக்கு அந்த வண்டியில் போட்டார்கள்.

சாப்பிடும்போது அவராகவே சொன்னார். “வண்டிக்கு ஒரு பிள்ளை டிரெயினிங்குக்கு வந்திருக்கு. பேச்சிப்பாறைப் பக்கம். முதல் பஸ்ஸைப் பிடிச்சு வருகு. அதுக்க அப்பா ரப்பர் பால் வெட்டுதாராம்.”

கரண்டியோடு நின்றுவிட்டேன். அவர் தொடர்ந்து நான்கு வாக்கியம் பேசிவிட்டார்.

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் வேலையைப் பற்றி வீட்டில் பேசியதே கிடையாது. இன்றைக்கு என்ன கேஸ் என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்பார். வந்ததும் சட்டையைத் தானே துவைத்துப் போடுவார், குளிப்பார், டி.வி.யைப் பார்த்தபடி உட்காருவார். அவர் குளிக்கிற நேரத்தை வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன். குளித்துச் சீக்கிரம் வெளியே வந்தால் பிரசவக் கேஸ், நேரமானால் விபத்து. ஒருமுறை நான்குவழிச் சாலையில் பெரிய விபத்து நடந்ததை மறுநாள் பேப்பரில்தான் படித்தேன். படத்தின் ஓரத்தில் ஸ்ட்ரெச்சரைத் தூக்குகிற ஒரு முழங்கை தெரிந்தது. அது இவருடைய முழங்கை. பேப்பரைக் காட்டினேன். ‘ஆமா’ என்றார்.

அப்படிப்பட்டவர் அந்த ஆனி மாதத்திலிருந்து பேச ஆரம்பித்தார். எல்லாமே அந்தப் பிள்ளையைப் பற்றிய பேச்சு.

முதல் வாரத்தில் நல்ல செய்திகளாக வந்தன. முதல் விபத்துக் கேஸிலேயே அவள் இறங்கி ஓடிப்போய் வேலியோரம் வாந்தி எடுத்தாளாம். கட்டுப் போடச் சொன்னால் துணியை வெட்டவே நேரமாகிறதாம். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் ஒரு பெரியவரை மூன்று இடத்தில் குத்திவிட்டாளாம். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு ருசித்தது.

பிறகு ஒருநாள் மீனைப் பிய்த்துக்கொண்டே ஒரு சம்பவம் சொன்னார். ஒரு வீட்டில் வயதானவர் மயங்கிக் கிடந்தார். சர்க்கரை வியாதி கிடையாது, ஆனால் மீட்டரில் பார்த்தால் சர்க்கரை தரையில் கிடக்கிறது. டெக்னீஷியன் குளுக்கோஸ் ஏற்றினார். என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கூடியிருந்த எல்லாரிடமும் சத்தம் போட்டுக் கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பிள்ளை கூட்டத்தைத் தாண்டிப் போய் அடுக்களை வாசலில் நின்ற மருமகளிடம், “என்ன மாத்திரை குடுத்திய? பறையுங்க” என்று ஒரே ஒருமுறை கேட்டாள். மேற்கே மலையடிவாரத்துப் பேச்சு அது. நாங்கள் ‘சொல்லுங்க’ என்பதை அவர்கள் ‘பறையுங்க’ என்பார்கள். கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். ஸ்ட்ரெச்சர் வாசலைக் கடந்துவிட்டது. டெக்னீஷியன் வெளியிலிருந்து கத்துகிறார். அவள் நகரவில்லை. கடைசியில் மருமகள் மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். தன் அம்மாவுடைய சர்க்கரை மாத்திரையை மாமனாருடைய பிரஷர் மாத்திரை என்று நினைத்து மாற்றிக் கொடுத்திருக்கிறாள். பயத்தில் வாய் வரவில்லை. அட்டையைப் பார்த்த டாக்டர், சர்க்கரை மறுபடியும் இறங்கும் என்று சொல்லிப் பெரியவரை இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்.

“அந்த அட்டை கிடைக்கலைன்னா கொஞ்சம் தெளிஞ்ச உடனே வீட்டுக்கு விட்டிருப்பாவ. வீட்டுல வச்சுப் போயிருப்பாரு” என்றார். பிறகு, “டெக்னீஷியன் அண்ணன் ஏசினாரு, இது வண்டியா, சாமியாரு பாவசங்கீர்த்தனம் கேக்குத இடமான்னு. அதுக்கும் அந்தப் பிள்ளை சிரிக்கு” என்றார்.

சொல்லும்போது அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கடைசியாக எங்கள் மகள் பிறந்தபோது பார்த்தது.

அவளை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மத்தியானம் சோற்றை நானே கொண்டுபோனேன். முற்றத்து வாதாமரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மெலிந்த பிள்ளை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மேல்பல் கொஞ்சம் முன்னால், யாரோ ஒரு தடியனுக்குத் தைத்த மாதிரி தொளதொளத்த யூனிஃபாரம் சட்டை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பார்க்க நன்றாக இருந்திருந்தால் என் பொறாமைக்கும் வெப்ராளத்துக்கும் ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும். தூக்குச்சட்டியில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும் வைத்திருந்தாள். இவர் அதிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். வாயு என்று வீட்டில் மரச்சீனியைத் தொடவே மாட்டார்.

“வாங்க அக்கா” என்று எழுந்தாள்.

அந்த ‘அக்கா’வை நான் ஒரு வாரம் மனதில் போட்டுப் புரட்டினேன். அவரை அண்ணன் என்கிறாள். அண்ணன் பெண்டாட்டி எங்கள் பக்கத்தில் மைனி. என்னை அக்கா என்றால் அவர் அத்தான் முறையல்லவா ஆகிறார்? எல்லாரையும் அண்ணன், அக்கா என்று கூப்பிடுகிற காலம்தான் இது. என்னிடம் துணி தைக்க வருகிற பெண்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவர்களிடம் நான் முறை பார்த்ததில்லை. இவளிடம் பார்த்தேன்.

ஆவணி மாதம் அவரே ஒருநாள், அந்தப் பிள்ளைக்குச் சட்டை தொளதொளவென்று கிடக்கிறது, ஸ்ட்ரெச்சரில் கை மாட்டிக்கொள்கிறது, நீ கொஞ்சம் பிடித்துக் கொடு என்றார். என் ரவிக்கை எனக்கு இறுகிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. அதை அவர் கவனித்ததில்லை. சரி, வரச்சொல்லுங்கள் என்றேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு சட்டையோடு வந்தாள். ஒன்றை மாட்டி நிறுத்தி, தோளிலும் இடுப்பிலும் குண்டூசி குத்தினேன். கைகளை அகலமாக விரித்தபடி நின்றவள் தையல் மெஷினைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அக்கா, நீங்க தையல் படிக்கணும்னு ஆசைப்பட்டா படிச்சிய?”

ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த குண்டூசியை எடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேறு யாராவது என்றால், அப்படியா, எத்தனை மாதம் படித்தீர்கள் என்று அடுத்ததைக் கேட்டிருப்பார்கள். அவள் கையை விரித்தபடி அப்படியே நின்றாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். வெளியே யாரோ தேங்காய் உரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. மறுபடி தொடங்கியது.

நான் பேச ஆரம்பித்துவிட்டேன். எனக்கு நர்ஸிங்கில் இடம் கிடைத்தது. சேரச் சொல்லிக் கடிதம் வந்த அதே வாரம் இவருடைய சம்பந்தம் வந்தது. நல்ல பையன், அரசாங்க வண்டி ஓட்டுகிறான், படித்து நீ என்ன செய்யப்போகிறாய் என்று அப்பா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கடிதம் இன்னும் என் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. இதை நான் இவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தன்னைக் கட்டியதற்காக வருத்தப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். பதினோரு வருடம் யாருக்கும் சொல்லாததை, குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு, இருபத்தொரு வயதுப் பிள்ளையிடம் கொட்டினேன். சொல்லி முடித்தபோது உடம்பு லேசாக இருந்தது. அடுத்த நிமிடமே ஏதோ பறிகொடுத்தது போலவும் இருந்தது.

இப்படிக் கேட்க எங்கே படித்தாய், காலேஜிலா என்று கேட்டேன்.

“இல்ல அக்கா. எனக்க அப்பாவுக்குத் திக்கும். ஒரு வார்த்தை வரதுக்கு நேரமாவும். நாம இடையில எடுத்துக் குடுத்தா அவருக்குக் கோவம் வரும், அழுகையும் வரும். காத்திருந்து காத்திருந்து பழகிட்டு.” பிறகு என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். “மனசுல கெடந்தா பாரம்தான் அக்கா. அண்ணனும் அந்தச் சானல் ரோட்டுக் கேஸை எத்தனை வருஷம் சுமந்திருக்கு. இப்பவும் அந்த வழி போறதில்லல்லா?”

எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டினேன். உன்னிடம் அண்ணன் அதை எப்படிச் சொன்னார் என்று மெல்லக் கேட்டேன். எனக்கும் தெரியும் என்ற நினைப்பில் அவள் முழுவதையும் சொல்லிவிட்டாள்.

என் அம்மா வீடு நெய்யூர்ப் பக்கம். அங்கே போக இரண்டு வழி உண்டு. சானல் என்று நாங்கள் சொல்கிற பாசனக் கால்வாயின் கரை வழியாகப் போனால் பக்கம். இவர் எப்போதும் பெரிய ரோட்டில் சுற்றித்தான் பைக்கை விடுவார். கேட்டால் ரோடு மோசம் என்பார். புதுத் தார் போட்டபிறகும் ரோடு மோசம்தான். எட்டு வருடமாக அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் நெஞ்சுவலிக்காரர் ஒருவரை ஏற்றியிருக்கிறார்கள். நாற்பது வயதிருக்கும். கூட அவர் மனைவி. பெரிய ரோட்டில் போகலாம் என்று டெக்னீஷியன் சொன்னதைக் கேட்காமல், சீக்கிரம் போய்விடலாம் என்று இவர் சானல் கரையில் வண்டியைத் திருப்பினார். பாதி வழியில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. முன்னால் போக முடியாது, திருப்பவும் இடமில்லை. பின்பக்கமாகவே ஓட்டி வெளியே வரவேண்டியிருந்தது. பின்னாலிருந்து அந்த அம்மாள் சத்தம் போடவில்லை, அழவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் அண்ணே என்று மட்டும் கேட்டாள். இவர் ஐந்து நிமிடம் என்றார். மறுபடி கேட்டாள். மறுபடியும் ஐந்து நிமிடம் என்றார். மூன்றாம் தடவையும் அதையே சொன்னார். பெரிய ரோட்டை எட்டும்போது நெஞ்சுவலிக்காரர் இறந்துவிட்டார்.

அந்தப் பிள்ளை போனபிறகு மெஷினில் உட்கார்ந்தேன். தையல் ஓடவில்லை. எத்தனை தடவை அந்தக் கிளைரோட்டருகில் ‘ஏன் இப்படிச் சுத்துதிய’ என்று அவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் முன்னால் வந்தவள் ஒருதடவை கேட்டாள், வாதாமரத்தடியில் உட்கார்ந்து எல்லாம் சொல்லியிருக்கிறார். வேறு ஏதாவது என்றால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். இதை என்ன சொல்லிச் சண்டை போடுவது? அவர் செய்த தப்பு என்ன? பேசியிருக்கிறார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் அவர் குளிக்கும்போது அவருடைய போனில் அவளுடைய பயிற்சிக் கடிதத்தின் படத்தைத் தேடி எடுத்தேன். அதில் கல்லூரி அலுவலக எண் இருந்தது. அவர் போனபிறகு கூப்பிட்டேன். யாரோ ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். நான் பெயர் சொல்லவில்லை. ஊர்க்காரி என்று சொல்லிக்கொண்டேன். “பொம்பளப் பிள்ளைய ரெண்டு ஆம்பளையளோட வண்டியில விட்டிருக்கிய. முன்சீட்டுல இருந்து பேசிச் சிரிச்சிட்டுப் போறா. ஒரே பாத்திரத்துல தின்னுதாவ. ஜனங்க பாக்குதாவ” என்றேன். ஒவ்வொன்றும் உண்மை. பொய்யாக ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு ஆசிரியர் வந்தாராம். சுகாதார நிலைய முற்றத்தில், நர்ஸுகளும் ஊசி போட வந்தவர்களும் பார்க்க, இவரை நிறுத்தி வைத்து அரைமணி நேரம் விசாரித்திருக்கிறார். அந்தப் பிள்ளையைக் குளச்சல் பக்கத்து வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். பேச்சிப்பாறையிலிருந்து அங்கே நேர் பஸ் இல்லை. இரண்டு மாறிப் போகவேண்டும்.

இவர் வந்து சட்டையைத் துவைத்தார். வெகுநேரம் குளித்தார். சாப்பிடும்போது, “அந்தப் பிள்ளைய மாத்திட்டாவ” என்றார். ஏன் என்று கேட்டேன். எவனோ போன் பண்ணியிருக்கிறான் என்றார். எதிர்ப்புற டீக்கடைக்காரன்மேல் அவருக்குச் சந்தேகம். எப்போதும் இவர்கள் பக்கமே பார்த்துக்கொண்டு இருப்பானாம். மறுநாளிலிருந்து அவன் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். டெக்னீஷியனையும் போகவிடவில்லை.

அதோடு பேச்சு நின்றது. ‘ஒண்ணுமில்ல’ திரும்பி வந்தது.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் அவள் வந்தாள். இரண்டாவது சட்டை என்னிடம்தான் இருந்தது. குளச்சலில் டியூட்டி மாற்றிக்கொண்டு, மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். முகம் கறுத்து, கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன். சட்டையை மாட்டிப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. நல்லா இருக்கு அக்கா என்று சொல்லிவிட்டு, கழற்றி மடித்துப் பையில் வைத்தாள். பிறகு டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, காலேஜுக்குக் கூப்பிட்டது நீங்களா?”

குரலில் கோபம் இல்லை. அந்த மருமகளிடமும் இப்படித்தான் கேட்டிருப்பாள் என்று தோன்றியது. போனில் பேசியது ஒரு பெண், ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவதைக்கூடச் சொன்னாள் என்று ஆசிரியர் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வெளியிலிருந்து வாதாமரத்தடிக்கு வந்து அதைப் பார்த்த பெண் நான் ஒருத்திதான்.

“பறையுங்க அக்கா” என்றாள். அதற்குமேல் பேசவில்லை.

அவள் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை அதில் விழுந்தவள் நான். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுப்பில் குக்கர் ஒரு விசில் அடித்தது. இன்னொன்று அடித்தது. நெற்றியில் வேர்த்தது. அவள் டீயைக் குடிக்கவில்லை, ஆறவிட்டாள். அழுத்தி முறைத்திருந்தாலும் பரவாயில்லை, மெஷினில் கிடந்த வெட்டுத்துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல மக்கா. நானா இருக்குமா?” என்றேன்.

“செரி அக்கா” என்றாள். ஆறிப்போன டீயை முழுவதும் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அவள் கேட்டு உண்மை கிடைக்காமல் போனது என்னிடம் மட்டும்தான் இருக்கும். அவள் படியிறங்கும்போது ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் வரை அந்த நினைப்பு தாங்கியது.

பிறகு நானும் அவளைப் போலச் செய்துபார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரவுச் சாப்பாட்டின்போது, இன்றைக்கு என்ன கேஸ் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஒண்ணுமில்ல என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். உடம்பு சரியில்லையா, ஏன் ஒருமாதிரி இருக்கிறாய் என்று கேட்டார். நான்கு நாள் செய்துவிட்டு விட்டுவிட்டேன். என்னிடம் காத்திருப்பு இல்லை. நான் காத்திருக்கும்போதும் உள்ளே ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டேதான் இருந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்கும்.

மார்கழி பிறந்ததும் அவளுடைய பயிற்சி முடிந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸில் வேலை கிடைத்துவிட்டதாம். இவருக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறாள். அந்தச் செய்தியைச் சொன்ன அன்றுதான், சட்னியைத் தொட்டுக்கொண்டே, சாதாரணமாக அதையும் சொன்னார்.

“உள்ளதைச் சொல்லணும்னா, டீக்கடைக்காரன்னு சொன்னாலும், எனக்கு உள்ளுக்குள்ள உன்மேலயும் சந்தேகம் இருந்துது கேட்டியா. அந்தப் பிள்ளைட்ட கேட்டேன். அக்கா இல்ல, நான் நேர்ல போய்க் கேட்டாச்சு, அவிய இல்லன்னு சொல்லிட்டாவன்னு சொல்லிச்சு. அது கேட்டுச் சொன்னா பின்ன சரியாத்தானே இருக்கும்.”

என் கையிலிருந்த தோசைக் கரண்டி அப்படியே நின்றது. அவள் என்னை நம்பினாளா, தெரிந்தே என்னைக் காப்பாற்றினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் அது எனக்கு முக்கியமாகப் படவில்லை. பதினோரு வருடம் கூட வாழ்ந்த மனுஷன், என்மேல் சந்தேகம் வந்தபோது என்னிடம் கேட்கவில்லை. அவளிடம் கேட்டிருக்கிறார். என்னைப் பற்றி அவள் சொன்னதை நம்பியிருக்கிறார். தோசை கருகியது.

“நான்தான் கூப்பிட்டேன்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு, தட்டை அடுக்களையில் கொண்டுவைத்தார். நான்கு நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகளிடம் சொல்லித்தான் எனக்குச் செய்தி வரும். ஐந்தாம் நாள் காலையில் பைக்கை எடுக்கும்போது, நேற்று டீக்கடைக்காரனைப் பார்த்தேன், டீ குடித்தேன் என்றார். அவனிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் எண்ணை ஒரு தாளில் எழுதி மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் வரை அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கூப்பிட்டேன். எடுத்தாள். பின்னால் சைரன் கேட்டது. அன்றைக்கு நீ கேட்டபோது பொய் சொன்னேன், கூப்பிட்டது நான்தான் என்றேன். எதற்காக என்று சொல்ல ஆரம்பித்தபோது மலையாளத்தில் யாரோ அவளை அவசரப்படுத்தினார்கள்.

“கேஸ் உண்டும் அக்கா. வைக்கட்டா?” என்றாள்.

வைத்துவிட்டாள். பிறகு அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸுக்கு இவருடைய போனில் ஒரு வாழ்த்துப் படம் வந்தது. அண்ணனுக்கும் குடும்பத்துக்கும் என்று போட்டிருந்தாள்.

புது வருடம் பிறந்து இரண்டாவது ஞாயிறு ஆராதனை முடிந்து அம்மா வீட்டுக்குப் போனோம். மகளை அங்கே விட்டுவிட்டு, மூன்று மணிவாக்கில் நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம். சானல் கரை ரோடு பிரிகிற இடத்தில் அவர் பைக்கை ஓரம் கட்டினார். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். எஞ்சினை அணைத்தார். இறங்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டியபடியே சொல்ல ஆரம்பித்தார்.

நெஞ்சுவலிக்காரர், வைக்கோல் லாரி, மூன்று தடவை சொன்ன ஐந்து நிமிடம். எல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரியும் என்று சொல்லவில்லை. முதல் தடவை கேட்கிறவள் போலக் கேட்டேன். அவள் சொன்னதற்கும் இவர் சொல்வதற்கும் வார்த்தைகூட மாறவில்லை. அதுவும் எனக்கு உறுத்தியது. ஆஸ்பத்திரியில் உடலை இறக்கிவிட்டதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

“வண்டியக் கழுவிட்டு நிக்கேன். அந்த அம்மா வந்து, அண்ணே, நீங்க சாப்பிட்டியளான்னு கேட்டா. கையில ஒரு பொதி வச்சிருந்தா. புட்டும் பயறும். டாக்டர் பாத்த உடனே அவருக்குக் குடுக்கலாம்னு இலையில கெட்டிக் கொண்டு வந்திருக்கா. இதை இனி நான் என்ன செய்யன்னு சொல்லி எனக்க கையில தந்திட்டுப் போயிட்டா.”

பைக் சாவியை அதன் துவாரத்திலேயே திருகிக்கொண்டிருந்தார்.

“காலையில ஒண்ணும் தின்னுருக்கல. எனக்கு நல்ல பசி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால பைப்படியில இருந்து முழுசும் தின்னேன். ஒரு பயறு விடல.”

அவர் முதுகு குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன். நான் அழவேண்டிய இடம் அது. அவர் தோளைத் தொட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னால் என் வாயிலிருந்து வேறொன்று வந்துவிட்டது.

“இதை அந்தப் பிள்ளைட்ட சொன்னியளா?”

“இல்ல” என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இது யாருட்டயும் சொல்லல.”

பைக்கை எடுத்து, எப்போதும் போலப் பெரிய ரோட்டில் விட்டார். நான் அவர் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டுக்கொண்டேன். இறந்துபோனவரையோ, பொதியைக் கொடுத்துவிட்டுப் போன அந்த அம்மாளையோ நான் நினைக்கவில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை மட்டும் நினைத்தேன். வீடு வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.